நாற்பத்தைந்தே கால்

என் அக்காவின் கணவர் ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிறவர். கதவோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்கள் சொல்லும் மாடியின் பொத்தானை அழுத்துவதுதான் வேலை. "பொத்தான அமுக்க ஒரு ஆளா?" என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்களாம். "நீங்க அமுக்கினா லிஃப்ட் போகும். நான் அமுக்கினா நாம போவோம்" என்பாராம் அத்தான். அதற்கு என்ன அர்த்தம் என்று அக்கா கேட்டபோது அவருக்கே தெரியவில்லை. "சொல்லும்போது நல்லா இருந்துச்சு" என்றார்.

அத்தான் பாதி இங்கே இருப்பார், பாதி வேறெங்கோ இருப்பார். லிஃப்ட் கிளம்பும்போதும் நிற்கும்போதும் ஒரு கணம் உடம்புக்கு எடையே இல்லாமல் போகும். அந்தக் கணத்தில்தான் தனக்கு மரச்சாமான்கள் தெரிகின்றன என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். மூன்றாம் மாடி தாண்டும்போது ஒரு இழுப்பறை தெரியும். இன்னும் மேலே போனால் அதன் கைப்பிடி தெரியும். அதற்குள் யாராவது இருமிவிட்டால் எல்லாம் கலைந்துவிடும். மறுபடி கீழே இறங்கி ஏறினால்தான் உண்டு.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் கைகால் கழுவிக்கொண்டு நேராகப் பால்கனிக்குப் போய்விடுவார். துணிக்கொடிக்கு அடியில், பெட்டிப் பலகைகளைச் சேர்த்து அடித்த ஒரு வேலை மேடை உண்டு. ஒரு ரம்பம், ஒரு இழைப்புளி, இரண்டு உளி, ஒரு அளவு நாடா. இழைக்க இழைக்க மரம் சுருள் சுருளாக உதிரும். காற்றடித்தால் அந்தச் சுருள்கள் பறந்து கீழ்வீட்டுக் கொடியில் போய் உட்காரும். "உங்க அத்தான் என் போர்வைக்குச் சுருட்டை முடி வச்சு விட்டிருக்காரு" என்று கீழ்வீட்டு அம்மா என்னைப் பிடித்துக்கொள்வார். அத்தானிடம் நேரே சொன்னால் அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வார் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியும்.

நான் தையல் கடையில் காஜா எடுக்கிறவள். பொத்தான் நுழைகிற ஓட்டையைச் சுற்றி நூல் கட்டும் வேலை. மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துவந்து பால்கனிக் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தைப்பேன். அவர் அந்தப் பக்கம் இழைப்பார். இரண்டு பேரும் அதிகம் பேசுகிறவர்கள் இல்லை. அதனால் ஒத்துப்போகும். மழை பெய்து ஓய்ந்த மாலைகளில் ஈர மரத்தின் வாசனை வீட்டுக்குள் வரும். அப்போது ஊசி தானாகப் போவதுபோல் இருக்கும்.

அவர் பெரிய கைகாரர் என்று சொல்லமாட்டேன். அவர் செய்த சமையலறை அலமாரி கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். டப்பாக்கள் எல்லாம் மெல்ல நகர்ந்து ஒரு மூலையில் கூடிவிடும். "உப்பு டப்பாவ எங்க வச்சாலும் தானா என் கைக்கு வந்து நிக்குது. லிஃப்ட்காரர் செஞ்ச அலமாரி இல்லையா" என்று அக்கா சொல்வாள். அத்தான் சிரிப்பார். அக்கா சொன்னால் அவருக்கு வலிக்காது.

வலித்தது வேறு ஒன்று. அவருக்கு ஒரே மகள். வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம்; கல்யாணம் ஆகியும் அது மாறவில்லை. கல்யாணம் முடிந்து மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் முதல் தடவையாக வீட்டுக்கு வந்த அன்று, அத்தான் தன் கையால் செய்த நாற்காலியைக் கூடத்தின் நடுவில் போட்டு வைத்திருந்தார். மாப்பிள்ளை அதில் உட்கார்ந்தார். தேநீரை வாங்கிக்கொண்டார். முதுகைச் சாய்த்து, "ரொம்ப வசதியா இருக்கு மா..." என்றார். "மாமா" என்று முடிப்பதற்குள் பின்கால் ஒன்று படக்கென்று விட்டுவிட்டது. தேநீர் சட்டையில், மாப்பிள்ளை தரையில். மணிக்கட்டுக்குக் கட்டுப் போட வேண்டியதாகிவிட்டது.

"சாமான் வாங்கறதுக்கு ஊர்ல கடையா இல்ல?" என்று மாப்பிள்ளையின் அம்மா யாரையும் பார்க்காமல் கேட்டார். கிளம்பும்போது மாடிப்படியில் பாப்பா அத்தானிடம், "இனிமே எங்க வீட்டுக்கு எதுவும் செய்யாதீங்கப்பா" என்றாள். அத்தான் தலையை ஆட்டினார்.

அதற்குப் பிறகு அவர் பாப்பா வீட்டுக்குப் போகிற சமயங்களில் நான் கவனித்திருக்கிறேன். கடையில் வாங்கிய அலமாரியை யாரும் பார்க்காதபோது விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். "பலகை இல்ல, மரத்தூள அமுக்கி ஒட்டினது" என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். கொடுத்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தேநீர் ஆறுவதற்குள் எழுந்துவிடுவார். மகள் வீட்டில் தன் கையால் செய்த பொருள் ஒன்று இருக்க வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

பாப்பாவும் மாப்பிள்ளையும் தனியாக ஒரு சின்ன வீட்டுக்குக் குடிபோனார்கள். ஒரு விடுமுறை நாள் காலையில் பாப்பாவிடமிருந்து போன் வந்தது. அக்கா கை ஈரமாக இருந்ததால் போனைச் சமையல் மேடையில் வைத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி போட்டாள்.

"அப்பா, எனக்கு ஜன்னலுக்குக் கீழ ஒரு மேசை வேணும். படம் வரையறதுக்கு வெளிச்சம் அங்கதான் நல்லா இருக்கு." பாப்பா துணிகளில் அச்சடிக்கும் பூ, கொடி எல்லாம் வரைந்து கொடுக்கிற வேலை பார்க்கிறாள். "கடைல இருக்கறது எதுவும் அந்த இடத்துக்குச் சேரல. ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் தூண். நடுவுல நாப்பத்தஞ்சே கால் அங்குலம் இருக்கு. செஞ்சு தரீங்களா?"

அத்தான் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கேக்குதாப்பா?"

"கேக்குது. நாப்பத்தஞ்சே கால்" என்றார்.

போனை வைத்ததும் அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். "என்னங்க, கண்ணுல?"

"மரத்தூள்."

"காலைலேர்ந்து நீங்க ரம்பத்தையே தொடலயே."

அவர் வேலை பார்க்கும் கட்டடத்தில் ஒரு மாடியைப் பிரித்துக் கட்டியபோது கழற்றிப் போட்ட பழைய தேக்குக் கதவு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். அதைத்தான் எடுத்தார். மேலே பச்சை வண்ணம். சுரண்டினால் உள்ளே நீலம். அதற்கும் உள்ளே, யார் அடித்ததோ, வெண்ணெய் நிறம். ஒவ்வொரு நிறமாகக் கழன்று வர வர அந்த மாடியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வீட்டுக்குப் போவதுபோல் இருந்தது. கடைசியில் மரம் மட்டும் மிஞ்சியது. கைப்பிடிக்கு மேலே, எத்தனையோ உள்ளங்கைகள் தள்ளித் தள்ளி லேசாகக் குழிந்த ஓர் இடம் இருந்தது. அதை அவர் இழைக்கவில்லை. மேசைப் பலகையில் பாப்பாவின் வலது கை வந்து தங்கும் இடத்தில் அது அமைகிற மாதிரி பலகையைத் திருப்பிப் போட்டார்.

அந்த நாட்களில் நாங்கள் ஒரு மரத்துக்குள் குடியிருப்பதுபோல் இருந்தது. தலையணையில் மரத்தூள், என் நூல்கண்டில் மரத்தூள், அக்கா ஆற்றும் தேநீரில்கூட ஒரு மெல்லிய கசப்பு. லிஃப்டில் அவரைப் பார்த்தவர்கள், "என்ன, நாலாவது மாடின்னு சொன்னா தரைக்கே கொண்டு வந்து விடறீங்க" என்று கேலி செய்தார்களாம். அவர் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது மேசைக்குள்தான்.

கால்களுக்குத்தான் அதிக நேரம் ஆனது. நான்கையும் உருண்டையாக இழைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். துளையில் இறக்கி, கோந்து போட்டு, குறுக்கே மரமுளை அடித்தார். இனி யானை இழுத்தாலும் வராது என்றார். அப்புறம் மேசை மேல் தானே ஏறி நின்றார். போதாதென்று அக்காவை ஏறச் சொன்னார். என்னையும் கூப்பிட்டார். மூன்று பேரும் மேசை மேல் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். மேலிருந்து பார்த்தபோது எங்கள் கூடமே யாரோ வேறு ஆட்களுடைய வீடு மாதிரி, கொஞ்சம் அழகாக இருந்தது. மேசை அசையவில்லை.

"இந்த வயசுல என்ன மேசை மேல ஏத்திட்டீங்க" என்றாள் அக்கா. "இறங்கறதுக்கு லிஃப்ட் எங்க?"

மேசையை எடுத்துப்போக மாப்பிள்ளை நண்பரின் வேனைக் கேட்டு வைத்திருந்தார். வேன் வருவதற்கு முந்தின வாரம் ஒருநாள் அத்தான் வேலையிலிருந்து வந்து, பால்கனிக்குப் போகாமல் கூடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"கால் வேண்டாமாம்" என்றார்.

"யாருக்கு?" என்றாள் அக்கா.

"மேசைக்கு. பாப்பா போன் பண்ணினா. நான் லிஃப்ட்டுக்குள்ள இருந்தேன், விட்டு விட்டுத்தான் கேட்டுச்சு. கால எடுத்துடச் சொல்லிட்டா. எடுத்துட்டா சரியா உக்காந்துடுமாம்."

"கால எடுத்துட்டு? தரைல உக்கார வச்சா வரையப் போறா?"

அத்தான் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். "அன்னிக்கு உடைஞ்சதும் கால்தானே" என்றார். "நான் செஞ்ச கால்ல அவளுக்கு நம்பிக்கை இல்ல. அதையும் வாய்விட்டுச் சொல்லாம, நாசூக்காச் சொல்றா."

"ஒரு தடவ திருப்பிக் கேளுங்களேன்."

"கேட்டா, 'சிரமப்படாதீங்கப்பா, வேண்டாம்'னு சொல்லிடுவா. அப்புறம் மேசையே போயிடும். கால் மட்டும் போகட்டும்."

அக்கா போனை எடுத்தாள். அவர் அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். ஒருநாளும் அப்படிச் செய்கிறவர் இல்லை. அக்கா போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் மாலை மேசையைக் கவிழ்த்துப் போட்டார். நான்கு கால்களையும் மேலே நீட்டிக்கொண்டு வெயில் காயப் படுத்திருக்கும் ஏதோ ஒரு சாதுவான பிராணி போல அது கிடந்தது. கோந்தும் முளையும் இறுகிவிட்டதால் கழற்ற முடியாது, அறுக்கத்தான் வேண்டும். ரம்பத்தை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். அறுக்கும் சத்தம் எழுந்தபோது நான் காஜாவில் நூலைத் தப்பாகச் சுற்றிப் பிரித்தேன். கீழ்வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, கொடியிலிருந்த போர்வையை உருவிக்கொண்டு உள்ளே போனார். ஒரு கால் விழுந்தது, பிறகு இன்னொன்று. விழும்போது மணி அடித்த மாதிரி ஒரு நல்ல சத்தம். அவ்வளவு காய்ந்த மரம்.

அறுத்த இடங்களை விரல் வழுக்குகிற அளவுக்குத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க முகம் கொஞ்சம் தெளிந்தது. அவர் சுபாவம் அப்படி. கை நகர்ந்தால் மனசும் எங்காவது நகர்ந்துவிடும்.

"தரைல உக்காந்து வரையட்டும். நல்லதுதான்" என்றார் என்னிடம்.

"ஜன்னல் உயரத்துல இருக்குமே அத்தான்?"

"இருக்கட்டும். தலைய நிமித்தினா வானம் மட்டும் தெரியும்."

பாப்பாவும் மாப்பிள்ளையும் வந்த அன்று அத்தான் மேசையைக் கூடத்தில் வைத்து ஒரு போர்வையைப் போட்டு மூடியிருந்தார். பாப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவள், போர்வையைத் தாண்டிப் பால்கனிவரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"மேசை எங்கப்பா?"

"இதோ."

அவள் போர்வையை விலக்கினாள். அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பலகையைத் தடவினாள். கை அந்தக் குழிவில் தானாகப் போய் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு மேசையின் ஓரத்தைத் தூக்கி அடியில் பார்த்தாள்.

"கால் எங்கப்பா?"

"நீதானே எடுக்கச் சொன்ன?"

"நானா?"

"போன்ல. கால மட்டும் எடுத்துடுங்க, எடுத்துட்டா சரியா உக்காந்துடும்னு."

பாப்பா எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் உதடு ஏதோ கணக்குப் போடுவதுபோல அசைந்தது.

"அப்பா" என்றாள் மெதுவாக. "சுவர் கீழ கொஞ்சம் வயிறு தள்ளி இருக்கு. மொதல்ல நான் மேலயே அளந்துட்டேன். மேசை வர்ற இடத்துல நாப்பத்தஞ்சுதான் இருக்கு. நாப்பத்தஞ்சே கால்னு சொன்னேன்ல, அகலத்துல அந்தக் கால மட்டும் எடுத்துடுங்கன்னேன். கால் அங்குலம்பா."

சமையலறைக் குழாய் சொட்டுவது கேட்டது. அத்தான் சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். மேசையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை இழுத்துப் பிடித்து, குனிந்து பார்த்தார்.

"அந்தக் கால் இன்னும் இருக்கு" என்றார்.

முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். சிரித்தபடியே தரையில் சம்மணம் போட்டு, மேசையின் மேல் முழங்கையை ஊன்றினார். "நல்லதாப் போச்சு மாமா. இதுலேர்ந்து கீழ விழவே முடியாது." அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

பாப்பா சிரிக்கவில்லை. "ஏம்பா திருப்பிக் கேக்கல?"

அத்தான் நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து அக்காதான் பதில் சொன்னாள். "அவரு செஞ்ச கால்ல உனக்கு நம்பிக்கை இல்லன்னு நெனச்சுட்டாருடி. நீ அன்னிக்குப் படியில சொன்னது அவருக்குள்ளயே கிடக்கு."

"அன்னிக்கு..." என்று பாப்பா நிறுத்தினாள். மாப்பிள்ளையை ஒரு தடவை பார்த்தாள். அவர் தலையைக் குனிந்து மேசையின் ரேகைகளை ஆராய ஆரம்பித்தார். "நீங்க இன்னொண்ணு செஞ்சு, அதுக்கும் யாராவது உங்கள ஒரு வார்த்த சொல்லிட்டா என்னால கேட்டுக்கிட்டு நிக்க முடியாதுப்பா. அதான் அப்படிச் சொன்னேன். உங்க கால் மேல நம்பிக்கை இல்லாம இல்ல."

அத்தான் சுருட்டிய நாடாவை மறுபடி கொஞ்சம் இழுத்தார். மறுபடி சுருட்டினார்.

எல்லோருமாக வேனில் ஏறிப் பாப்பா வீட்டுக்குப் போனோம். மேசையை அங்கே சுவருக்கும் தூணுக்கும் நடுவே பிடித்துப் பார்த்தார்கள், போகவில்லை. அத்தான் இழைப்புளியைப் பாப்பா கையில் கொடுத்து, "நீயே எடு" என்றார். அவள் தயங்கித் தயங்கி இழுத்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "பயப்படாத, அது ஒண்ணும் சொல்லாது" என்றார். சுருள்கள் அவள் மடியில் விழுந்தன. இழைத்தது, பிடித்துப் பார்த்தது, மறுபடி இழைத்தது என்று மாலை நகர்ந்தது. ஜன்னல் வெளிச்சம் தரையிலிருந்து சுவருக்கு ஏறியது. மாப்பிள்ளை சுவரிலும் தூணிலும் தாங்கு கட்டைகளை அடித்தார். எந்த உயரத்தில் என்பதற்கு, அத்தான் பாப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து அவள் முழங்கை வரைக்கும் அளந்தார். கடைசியில் மேசையை உள்ளே தள்ளியபோது அது ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம் போட்டு உட்கார்ந்தது.

"சுவர் பிடிச்சுக்கும். கால் இல்லாட்டியும் நிக்கும்" என்றார் அத்தான்.

"இல்லப்பா. எனக்குக் கால் வேணும்."

"அறுத்தத ஒட்ட முடியாது. புதுசாத்தான் செய்யணும்."

"செய்யுங்க. ஆனா நாலையும் ஒண்ணா கொண்டு வராதீங்க. ஒவ்வொண்ணா கொண்டு வாங்க."

"எதுக்கு?"

"நீங்க வந்தா தேநீர் ஆறறதுக்குள்ள எழுந்துடறீங்க. இப்படின்னா கால் பொருத்தி, கோந்து காயற வரைக்கும் இருந்துதானே ஆகணும்."

"எட்டுக்காலா செஞ்சுடுங்க மாமா" என்றார் மாப்பிள்ளை. "பூச்சி மாதிரி இருந்தாலும் பரவாயில்ல."

முதல் கால் தயாரானபோது என் தையல் கடைக்கு விடுமுறை. நானும் கூடப் போனேன். பேருந்தில் அத்தான் ஜன்னலோரம் உட்கார்ந்தார். பழைய தலையணை உறையில் சுற்றிய காலை மடியில் படுக்கவைத்து, இரண்டு கையையும் அதன் மேல் வைத்துக்கொண்டார். மேம்பாலத்தில் ஏறி இறங்கும்போது வண்டி ஒரு கணம் எடையற்றதுபோல் ஆனது. அவர் கண்ணை மூடித் திறந்தார். இரண்டாவது காலைப் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

நடத்துநர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, உறையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த முனையைப் பார்த்தார்.

"என்ன பெரியவரே அது?"

"மேசையோட கால்."

"கால் மட்டும் எடுத்துட்டுப் போறீங்க. மேசை எங்க?"

"மக வீட்ல இருக்கு" என்றார் அத்தான்.

நடத்துநர் அடுத்த இருக்கைக்கு நகர்ந்துவிட்டார். அத்தான் அவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை கேட்டால் இன்னொரு தடவை சொல்லத் தயாராக இருந்தார்.